சொற்செயலி

சொற்செயலி என்பது கணினியில் உரையை உள்ளிடவும், திருத்தவும், வடிவமைக்கவும், சேமிக்கவும், அச்சிடவும் பயன்படும் மென்பொருள் ஆகும். கடிதம், விண்ணப்பம், அறிக்கை, கட்டுரை, நூலின் கையெழுத்துப்படி போன்றவற்றை உருவாக்க இது பயன்படுகின்றது. மைக்ரோசாப்ட் வேர்டு, லிப்ரெஓபிஸ் ரைட்டர், கூகுள் டாக்ஸ், ஆப்பிள் பேஜஸ் ஆகியன பரவலாகப் பயன்படும் சொற்செயலிகள் ஆகும்.

புதிதாகப் பழகுவோர் பலர் சொற்செயலியைத் திரையுடன் கூடிய தட்டச்சுப் பொறியாகவே கருதுகின்றனர். தட்டச்சுப் பொறி தாளில் எழுத்துகளைப் பதிக்கின்றது. சொற்செயலியோ எழுத்து, பத்தி, பக்கம் ஆகியவற்றைத் தனித்தனி அலகுகளாக நினைவில் கொண்டு, அவற்றை எவ்வாறு காட்ட வேண்டும் என்பதைத் தானே கணக்கிடுகின்றது. இந்த வேறுபாட்டை அறியாமல் உருவாக்கிய ஆவணம் திரையில் அழகாகத் தோன்றினாலும், ஒரு சொல்லைச் சேர்த்தவுடனோ வேறொரு கணினியில் திறந்தவுடனோ குலைந்துவிடக்கூடும்.

உரைத்தொகுப்பியிலிருந்து வேறுபாடு

நோட்பேட் போன்ற உரைத்தொகுப்பிகள் எழுத்துகளை மட்டுமே சேமிக்கின்றன. சொற்செயலி எழுத்துகளுடன் எழுத்துரு, அளவு, தலைப்பு, அட்டவணை, படம், பக்க ஓரம் முதலிய விவரங்களையும் சேர்த்துச் சேமிக்கின்றது.

வரலாறு

1964ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் காந்த நாடாவுடன் இணைந்த செலக்ட்ரிக் தட்டச்சுப் பொறியை வெளியிட்டது. தட்டச்சு செய்தவை நாடாவில் பதிவானதால், பிழையான இடத்தை மட்டும் திருத்தி முழுக் கடிதத்தையும் மீண்டும் தானாக அச்சிட முடிந்தது.

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பட்லர் லாம்ப்சன், சார்லஸ் சிமோனி ஆகியோர் பிராவோ என்னும் மென்பொருளை ஆல்ட்டோ கணினிக்காக உருவாக்கினர். அச்சில் வரவிருக்கும் தோற்றத்தைத் திரையிலேயே காட்டும் முறைக்கு இது முன்னோடியாக அமைந்தது. அதே ஆய்வகத்தில் லாரி டெஸ்லர், டிம் மோட் ஆகியோர் 1970களின் நடுப்பகுதியில் உருவாக்கிய ஜிப்சி, வெட்டி ஒட்டும் முறையை எளிமையாக்கியது.

தனிநபர் கணினிகளுக்கான வேர்டுஸ்டார் 1978இல் வெளியானது. 1981இல் மைக்ரோசாப்டில் சேர்ந்த சிமோனியின் வழிகாட்டலில் வேர்டின் முதற்பதிப்பு 1983இல் வெளிவந்தது. ஸ்டார் ஓபிஸ் மென்பொருளின் மூலநிரல் 2000ஆம் ஆண்டில் திறந்துவிடப்பட்டு ஓப்பன் ஓபிஸ் உருவானது. அதிலிருந்து 2010இல் கிளைத்ததே லிப்ரெஓபிஸ் ஆகும். இதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

ஆவணத்தின் அலகுகள்

* எழுத்து: எழுத்துரு, அளவு, தடிப்பு, சாய்வு, நிறம் ஆகியவை எழுத்தின் பண்புகள். எழுத்தின் அளவு புள்ளியில் குறிக்கப்படும். ஓர் அங்குலத்தில் 72 புள்ளிகள் உள்ளன.
* பத்தி: ஒருமுறை எண்டர் விசையை அழுத்தியதிலிருந்து மறுமுறை அழுத்தும் வரை உள்ள உரை ஒரு பத்தி ஆகும். இடப்பக்கச் சீரமைப்பு, நடுச் சீரமைப்பு, வரி இடைவெளி, பத்திக்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளி ஆகியவை பத்தியின் பண்புகள்.
* பக்கம்: தாளின் அளவு, ஓரங்கள், தலைப்பகுதி, அடிப்பகுதி, பக்க எண் ஆகியவை பக்கத்தின் பண்புகள்.

எந்த மாற்றத்தைச் செய்வதற்கு முன்னரும் அது எந்த அலகைச் சார்ந்தது என்று எண்ணிப் பார்த்தால், தேவையான கட்டளை எந்தப் பட்டியில் இருக்கும் என்பது எளிதில் விளங்கும்.

முதல் ஆவணம்

ஒரு வேலை விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். சொற்செயலியைத் திறந்தவுடன் வெற்றுப் பக்கத்தில் மின்னும் சிறு செங்குத்துக் கோடு தெரியும். இது சுட்டுக்குறி அல்லது கர்சர் எனப்படும். தட்டச்சு செய்யும் எழுத்து இக்கோடு உள்ள இடத்திலேயே விழும்.

முதற் சொல்லைத் தட்டச்சு செய்தவுடனேயே கோப்பிற்குப் பெயரிட்டுச் சேமிப்பது நல்ல பழக்கமாகும். கண்ட்ரோல் விசையை அழுத்தியவாறு எஸ் விசையை அழுத்தினால் சேமிக்கும் சாளரம் தோன்றும். மேக் கணினியில் கண்ட்ரோலுக்குப் பதிலாகக் கமாண்ட் விசையைப் பயன்படுத்த வேண்டும். "ஆவணம் 1" என்பது போலன்றி, "வேலை விண்ணப்பம்" எனப் பொருள் விளங்கும் பெயரை இடுதல் வேண்டும். கோப்பு எந்தக் கோப்புறையில் சேமிக்கப்படுகின்றது என்பதையும் அப்போதே கவனிக்க வேண்டும்.

வரி நிறைந்ததும் அடுத்த சொல் தானாகவே அடுத்த வரிக்குச் செல்லும். ஒவ்வொரு வரியின் இறுதியிலும் எண்டர் விசையை அழுத்துதல் கூடாது. அவ்வாறு அழுத்தினால் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகிவிடும். பின்னர் எழுத்தின் அளவைக் கூட்டும்போது வரிகள் பாதியில் முறிந்து நிற்கும்.

பெயர், பிறந்த நாள், கல்வித் தகுதி முதலிய விவரங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக நேராக நிறுத்தப் பலர் இடைவெளி விசையைத் திரும்பத் திரும்ப அழுத்துகின்றனர். தமிழ் எழுத்துகள் ஒன்றுக்கொன்று அகலம் வேறுபட்டவை ஆதலால், முக்காற்புள்ளிகள் ஒருபோதும் ஒரே நேர்கோட்டில் நில்லா. இதற்கு இரண்டு நிரல்கள் கொண்ட அட்டவணையைச் செருகி, அதன் கோடுகளை மறைத்துவிடுவதே எளிய வழியாகும். டேப் விசையையும் பயன்படுத்தலாம்.

அடுத்த பக்கத்திற்குச் செல்ல எண்டர் விசையைப் பலமுறை அழுத்த வேண்டியதில்லை. கண்ட்ரோல் விசையுடன் எண்டரை அழுத்தினால் பக்க முறிவு உண்டாகும். இதனால் முதற்பக்கத்தில் வரிகளைச் சேர்த்தாலும் நீக்கினாலும், அடுத்த பகுதி எப்போதும் புதிய பக்கத்திலேயே தொடங்கும்.

இடைவெளிகளையும் பத்தி முடிவுகளையும் குறிகளாகக் காட்டும் வசதி சொற்செயலிகளில் உண்டு. இதனை இயக்கிப் பார்த்தால் ஆவணம் எங்கே குலைந்துள்ளது என்பது வெளிப்படும். லிப்ரெஓபிஸ் ரைட்டரில் கண்ட்ரோல், எப்10 விசைகளைச் சேர்த்து அழுத்தி இதனை இயக்கலாம்.

தேர்ந்தெடுத்தலும் திருத்துதலும்

உரையின் ஒரு பகுதியில் மாற்றம் செய்ய முதலில் அதனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுட்டியை அழுத்தியவாறு இழுத்தோ, சிப்டு விசையுடன் அம்புக்குறி விசைகளை அழுத்தியோ தேர்ந்தெடுக்கலாம். ஒரு சொல்லின் மீது இருமுறை சொடுக்கினால் அச்சொல் முழுவதும் தேர்வாகும். உரை தேர்வாகியிருக்கும்போது ஏதேனும் ஒரு விசையைத் தவறுதலாக அழுத்தினால், தேர்வான உரை முழுவதும் மறைந்து அந்த ஓர் எழுத்து மட்டும் நிற்கும். அப்போது அஞ்ச வேண்டியதில்லை. கண்ட்ரோல், இசட் விசைகளை அழுத்தினால் செய்த செயல் மீளும்.

அடிக்கடி பயன்படும் விசைச் சேர்க்கைகள் வருமாறு:

* கண்ட்ரோல் + சி: நகலெடுத்தல்
* கண்ட்ரோல் + எக்ஸ்: வெட்டுதல்
* கண்ட்ரோல் + வி: ஒட்டுதல்
* கண்ட்ரோல் + இசட்: செயலை மீட்டல்
* கண்ட்ரோல் + ஏ: அனைத்தையும் தேர்ந்தெடுத்தல்
* கண்ட்ரோல் + பி: அச்சிடுதல்

பாணிகள்

நீண்ட ஆவணத்தில் இருபது தலைப்புகள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்துத் தடிப்பாக்கி அளவைக் கூட்டினால், அவை பார்வைக்கு மட்டுமே தலைப்புகள்; சொற்செயலிக்கு அவை வெறும் பெரிய எழுத்துகள். மாறாக, அவற்றிற்குத் "தலைப்பு 1", "தலைப்பு 2" என்னும் பாணிகளை இட்டால், பாணியை ஒருமுறை மாற்றும்போது இருபது தலைப்புகளும் ஒருங்கே மாறும். பொருளடக்கத்தையும் சொற்செயலியே உருவாக்கித் தரும். திரைவாசிப்பு மென்பொருளைப் பயன்படுத்தும் பார்வையற்றோர் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்பிற்குச் செல்லவும் இப்பாணிகளே உதவுகின்றன.

தமிழில் உள்ளிடுதல்

தமிழ் ஆவணங்களைப் பொறுத்தவரை எழுத்துக் குறியாக்கம் முதன்மையான ஒன்றாகும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து உருவாக்கப்பட்டவை. பாமினியில் "அம்மா" எனத் தோன்றுவது, கோப்பினுள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் குறிகளின் தொடராகவே இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கடிதத்தைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். இணையத்தில் "அம்மா" எனத் தேடினாலும் அது அகப்படாது.

ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் தனி எண் உண்டு. 1991இல் வெளியான முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தகுதரமாக ஏற்றது. எனவே புதிய ஆவணங்களை ஒருங்குறியிலேயே உருவாக்குதல் வேண்டும். பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றிகளின் துணையுடன் ஒருங்குறிக்கு மாற்றலாம்.

1999இல் அறிவிக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்துள்ளன. தமிழ் ஒலிப்பை ஆங்கில எழுத்துகளால் உள்ளிடும் ஒலிபெயர்ப்பு முறையும் உண்டு. இன்றைய இயக்குதளங்களில் தமிழ் விசைப்பலகைகள் உடன்வருகின்றன. அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் போதுமானது.

லிப்ரெஓபிஸில் தமிழ் எழுத்துரு, ஆங்கில எழுத்துருவிலிருந்து தனியாக அமைக்கப்படுகின்றது. எழுத்துருவை மாற்றியும் தமிழ் மாறவில்லையெனில், சிக்கலான எழுத்துகளுக்கான பிரிவில் மாற்றிப் பார்க்க வேண்டும்.

தேடலும் மாற்றீடும்

ஒரு சொல்லை ஆவணம் முழுவதும் மாற்றும் வசதியைத் தமிழில் கவனத்துடன் கையாள வேண்டும். "ஊர்" என்பதைக் "கிராமம்" என ஒரே முறையில் மாற்றினால் "ஊர்தி" என்பது "கிராமம்தி" ஆகிவிடும். அதே வேளையில் "ஊரில்", "ஊருக்கு" ஆகியவை மாறாமல் நிற்கும். உருபு சேரும்போது புள்ளி நீங்கிச் சொல்லின் வடிவம் மாறுவதே இதற்குக் காரணம். ஆகவே அனைத்தையும் ஒருங்கே மாற்றாமல், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதே பாதுகாப்பானது.

சேமித்தலும் கோப்பு வடிவங்களும்

சேமிக்காத உரை கணினியின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே இருக்கும். மின்சாரம் தடைப்பட்டால் அது அழிந்துபோகும். தானியங்கி மீட்பு வசதி ஓரளவே உதவும். சில பத்திகளுக்கு ஒருமுறை சேமிப்பதும், முக்கியமான கோப்பின் மற்றொரு படியை வேறிடத்தில் வைப்பதும் நலம். கூகுள் டாக்ஸ் போன்ற இணையச் சொற்செயலிகள், இணைய இணைப்பு உள்ளபோது தாமாகவே சேமிக்கின்றன.

வேர்டு 2007 முதல் டாக்எக்ஸ் வடிவத்திலும், லிப்ரெஓபிஸ் ஓடிடி வடிவத்திலும் சேமிக்கின்றன. ஓடிடி வடிவம் உள்ளடங்கிய திறந்த ஆவணத் தகுதரம் 2006இலும், டாக்எக்ஸ் உள்ளடங்கிய தகுதரம் 2008இலும் பன்னாட்டுத் தகுதரங்களாயின. பிறர் திருத்த வேண்டிய ஆவணத்தை இவ்வடிவங்களில் அனுப்பலாம். தோற்றம் மாறாமல் படிக்கவோ அச்சிடவோ மட்டும் வேண்டுமெனில் பிடிஎப் வடிவில் ஏற்றுமதி செய்து அனுப்புதல் தகும். எனினும் மூலக் கோப்பைத் தம்மிடம் வைத்திருத்தல் வேண்டும். பிடிஎப் கோப்பைத் திருத்துவது கடினம்.

அச்சிடுதல்

இந்தியாவிலும் இலங்கையிலும் பெரும்பாலும் ஏ4 தாளே பயன்படுகின்றது. இதன் அளவு 210 × 297 மில்லிமீட்டர். சில நிறுவல்களில் அமெரிக்க லெட்டர் அளவு இயல்பாக அமைந்திருக்கும். ஏ4 தாளைவிட இது அகலம் கூடியதும் நீளம் குறைந்ததும் ஆகும். எனவே தொடக்கத்திலேயே தாள் அளவைச் சரிபார்க்க வேண்டும். அச்சு முன்தோற்றத்தைப் பார்த்த பின்னரே அச்சிட்டால் தாளும் மையும் வீணாகா.

அனுப்பும் முன் சரிபார்க்க

முடிக்கப்பட்ட விண்ணப்பத்தின் நடுவில் ஒரு வரியைச் சேர்த்துப் பார்க்கலாம். அதன் கீழுள்ள உரை ஒழுங்காக நகர்ந்தால் ஆவணத்தின் கட்டமைப்பு சரியாக உள்ளது எனக் கொள்ளலாம். பின்னர் செயலை மீட்டு அவ்வரியை நீக்கிவிடலாம். வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ அக்கோப்பைத் திறந்து தமிழ் சரியாகத் தெரிகின்றதா என்றும் காண வேண்டும். இவ்விரு சோதனைகளும் சில நிமிடங்களே பிடிக்கும். விண்ணப்பத்தைப் பெறுபவர் அதனைப் படிக்க இயலாமற் போவதை இவை பெரும்பாலும் தவிர்க்கும்.