மீன் கூடும் இடம் அறியும் முறை

மழை பார்த்து விதைப்பது போல, நீரோட்டம் பார்த்து வலை விடுவது இராமநாதபுரம் கடற்கரை வழக்கம். கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்பர். பாசியும் சிற்றுயிர்களும் வளர்வதால் இரை தேடி மீன்கள் அங்கு கூடும். கோபுரம், பனைமரம் போன்ற இரு கரை அடையாளங்கள் ஒரே கோட்டிலும், வேறு திசையில் மற்ற இரண்டு இன்னொரு கோட்டிலும் வரும்படி படகை நிறுத்தினால், அதே பாரை மறுபடியும் கண்டுகொள்ளலாம்.

கரை மறையும் தூரத்தில் இம்முறை உதவாது. ஐதராபாத்திலுள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் மூலம் கடல்நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் கணித்து, மீன் கூடக்கூடிய இடங்களைத் திசை, தூரம், ஆழத்துடன் அறிவிக்கிறது. தேடி அலைவது குறைவதால் டீசல் மிச்சமாகும். மேகமூட்ட நாட்களில் இவ்விவரம் கிடைப்பது அரிது.

ஆளில்லாத இடமெல்லாம் வலை விட ஏற்றதன்று. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை உள்ளடக்கி 1986-ல் கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது; அங்கு மீன் பிடிக்கக் கூடாது. பவளப்பாறை மீன் குஞ்சுகளின் நாற்றங்கால். அது அழிந்தால் நடவு ஏது? பாக் விரிகுடாவில் 1974 ஒப்பந்த எல்லைக்கோட்டைத் தாண்டினால் படகையே இழக்க நேரிடும். புறப்படுமுன் மீன்வளத்துறை அலுவலகத்தில் எல்லை விவரம் கேட்டறிவது நல்லது.