பேரேடு இல்லாத கிட்டங்கி

தனித்தனிக் கம்ப்யூட்டர்களில் கிடக்கும் ஹார்ட் டிஸ்குகளை நெட்வொர்க் வழியே கோத்து, ஒரே ஃபோல்டர்போலக் காட்டும் மென்பொருளைப் பரவல் கோப்பு முறைமை என்பார்கள். தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் உள்ள புதுக்கோட்டையில் ஒரு கல்யாண ஸ்டுடியோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே லினக்ஸ் ஓடும் பழைய கம்ப்யூட்டர்கள் மூன்று. ஒவ்வொன்றிலும் 4 டெராபைட் இடம். முதலாவது நிரம்பிவிட்டது, மூன்றாவது காலி. போன தை மாதம் எடுத்த படம் எதில் இருக்கிறது என்று மூன்றையும் துழாவ வேண்டியிருக்கிறது. மூன்றையும் இணைத்துவிட்டால் 12 டெராபைட் கொண்ட ஒரே அலமாரி.

இணைப்பதைவிட, எது எங்கே இருக்கிறது என்று நினைவில் வைப்பதுதான் கடினம். உப்புக் கிட்டங்கியில் இதற்கென ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். எந்த மூட்டை எந்த அடுக்கில் என்பது அவருடைய பேரேட்டில் இருக்கும். 2003இல் கூகுள் தன் கோப்பு முறைமையை விவரித்தபோது அதிலும் அப்படி ஒரு தலைமை சர்வர் இருந்தது. கணக்குப்பிள்ளை படுத்துவிட்டால் கிட்டங்கியே படுத்துவிடும். வேலை கூடினால் அவர் முன்னே வரிசையும் நீளும்.

அவர் இல்லாமலே நடத்தலாம் என்று காட்டியது க்ளஸ்டர்எஃப்எஸ். இதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துக்காகக் கட்டிய தண்டர் சூப்பர் கம்ப்யூட்டரில் பணியாற்றியவர். அது 2004 ஜூனில் உலகின் அதிவேகக் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. அடுத்த ஆண்டு க்ளஸ்டர் நிறுவனம் பிறந்தது. நிரல் எழுதும் வேலையில் பெரும்பங்கு பெங்களூரில் நடந்தது. க்னூ என்ற சுதந்திர மென்பொருள் திட்டத்தின் பெயரோடு, கணினிக் கூட்டத்தைக் குறிக்கும் க்ளஸ்டரைச் சேர்த்து உண்டாக்கிய பெயர் அது. ஆங்கிலத்தில் நிறுவனத்தின் பெயருக்கும் இந்தச் சொல்லுக்கும் முதல் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இதில் ஃபைலின் பெயரே அதன் முகவரி. ‘மணமேடை_0147’ என்ற பெயரை ஹாஷ் என்னும் கணக்கில் போட்டால், 0 முதல் சுமார் 429 கோடி வரைக்குள் ஓர் எண் வரும். அந்த வீச்சை மூன்று கம்ப்யூட்டர்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. எண் 200 கோடி என்றால் அது நடுப்பங்கு. ஃபைல் அந்தப் பங்குக்குரிய கம்ப்யூட்டருக்குப் போகும். நாளை தேடும்போதும் அதே பெயர், அதே கணக்கு, அதே இடம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பெயரை மாற்றினால் சிக்கல். புதிய பெயருக்கு வேறு எண் வரும். படமோ பழைய இடத்தில் இருக்கும். இருபது ஜிபி வீடியோவைப் பெயர் மாற்றத்துக்காகத் தூக்கிச் சுமக்க முடியாது. அதனால் புதிய இடத்தில் பூஜ்யம் பைட் அளவில் ஒரு வெற்று ஃபைலை வைத்து, ‘சரக்கு அங்கே’ என்று குறித்துவிடுகிறது. வீடு மாறியவர் பழைய வாசலில் முகவரிச் சீட்டு ஒட்டுவார். இங்கே சீட்டு புது வாசலில்.

நான்காவது கம்ப்யூட்டர் சேர்ந்தால் பங்கு மறுபடி பிரியும். பழைய ஃபைல்களில் ஒரு பகுதி இடம் மாற வேண்டும். சரக்கு அதிகமிருந்தால் இது நாள்கணக்கில் ஓடும். லட்சக்கணக்கான சின்னஞ்சிறு ஃபைல்கள் என்றாலும் திணறும். பெரிய வீடியோக்களுக்குத்தான் இது பொருத்தம்.

வெறுமனே பரப்பி வைத்தால், ஒரு டிஸ்க் போனால் அதிலுள்ள படங்களும் போகும். ஒவ்வொன்றுக்கும் பிரதி வைக்கலாம்; மூன்று பிரதி என்றால் 12 டெராபைட் 4 ஆகச் சுருங்கும். இரண்டே பிரதி என்பது சிக்கனம்போலத் தோன்றும் ஆபத்து. நடுவில் கேபிள் அறுந்து இரு பக்கமும் தனித்தனியே திருத்தப்பட்டால், எது சரி என்று சொல்ல ஆளில்லை. எனவே பெயர், விவரம் மட்டும் வைத்திருக்கும் நடுவர் ஒருவரை மூன்றாவதாக நிறுத்துவார்கள்.

2011 அக்டோபரில் ரெட் ஹாட் நிறுவனம் க்ளஸ்டரை 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. அது விற்றுவந்த பதிப்புக்கான ஆதரவு 2024 முடிவோடு நின்றது. மூல நிரல் பொதுவில் இருக்கிறது. பரப்பியும் பிரதியெடுத்தும் வைத்த முறைகளில் ஒவ்வொரு படமும் ஏதோ ஒரு டிஸ்கில் முழு ஃபைலாகவே கிடப்பதால், க்ளஸ்டரைக் கழற்றிவிட்டாலும் டிஸ்கைத் திறந்து ‘மணமேடை_0147’ஐப் பார்க்கலாம்.