புகலில்லங்களில் வாழ்வோர் யார்?

கணவனாலோ கணவன் வீட்டாராலோ துன்புறுத்தப்பட்டு வீட்டைவிட்டு வெளியேறிய பெண்கள், தம் குழந்தைகளோடு தங்கியிருக்கும் இல்லங்களைப் 'புகலில்லம்' என்னும் சொல்லால் இக்கட்டுரை குறிக்கிறது. அரசு ஆணைகளில் இவை 'தங்கும் இல்லம்' எனப்படும். மக்கள் வழக்கில் வெறும் 'ஹோம்' தான். அங்கு வாழ்வோர் யாவர், அவர்கள் ஏன் அங்கு வந்து சேர்ந்தனர், உடன் வந்த குழந்தைகளின் நிலை யாது என்பவற்றை ஆராய்வதே நம் நோக்கம்.

மிகக் கொடிய அடியைப் பட்டவர்களே புகலில்லத்தில் இருக்கிறார்கள் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் முழுதும் பொருந்துவதன்று. அடியின் அளவு வேறு; போக்கிடம் இன்மை வேறு. புகலில்லத்தின் பதிவேடு காட்டுவது பெரும்பாலும் பின்னதையே.

2019-21 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு இதற்குச் சான்றாகும். 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களுள் கணவனின் வன்முறைக்கு ஆளானோர் இந்திய அளவில் நூற்றுக்கு 29 பேர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 38 பேர். கல்வியில் முன்னிற்கும் மாநிலம் என்று நாம் பெருமை பேசும்போது இந்த 38 ஐயும் சேர்த்தே பேசவேண்டும். அவ்வாய்வின் மற்றொரு முடிவு இன்னும் கூர்மையானது. வன்முறைக்கு ஆளான பெண்களுள் உதவி நாடியோர் நூற்றுக்கு 14 பேரே. 77 பேர் உதவி நாடவும் இல்லை. ஒருவரிடமும் வாய் திறக்கவும் இல்லை. வாய் திறந்தோரும் பெரும்பாலும் நாடியது பிறந்த வீட்டாரைத்தான்.

ஆகவே புகலில்லத்தின் வாயிலை அடையுமுன் பல சல்லடைகளில் சலிக்கப்பட்டே ஒரு பெண் வருகிறாள். பெற்றோர் இருந்து, அவர்கள் ஏற்றுக்கொண்டால் அவள் தாய்வீட்டிற்குப் போய்விடுகிறாள். உடன்பிறந்தாள் வீட்டில் ஓர் அறை கிடைத்தால் அங்கே ஒதுங்குகிறாள். சொந்தச் சம்பளம் உடையவள் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கக்கூடும். (கணவனின்றித் தனியே வரும் பெண்ணுக்கு வீடு கொடுப்பார் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.) இவற்றுள் ஒன்றும் வாய்க்காதவளே எஞ்சுகிறாள். பெற்றோரை இழந்தவள், பெற்றோர் விரும்பாத மணம் செய்து உறவு அறுபட்டவள், பிழைப்புத் தேடி வேற்றூருக்கு வந்தவள், கைக்குழந்தை உள்ளமையால் வேலைக்குப் போக இயலாதவள் ஆகியோரே அவ்வில்லத்தார். 'வசதியான வீட்டுப் பெண் ஒருத்தியும் ஹோமில் இல்லை. எனவே வசதியான வீடுகளில் வன்முறை இல்லை' என்று முடிவு கட்டுவோர் இந்தச் சல்லடைகளைக் கணக்கில் கொள்வதில்லை.

இத்தகைய இல்லத்தாரைப் பற்றிய விரிவான ஆய்வொன்று 2008 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. எட்டு மாநிலங்களில் 215 புகலில்லங்களில் தங்கிய 3,410 பேரிடம் வினாத்தாள் வழியாகச் செய்தி திரட்டப்பட்டது. விடையளித்தோர் ஏறத்தாழ அனைவரும் பெண்களே. அவர்களுள் மூன்றில் இரு பங்கினர்க்குப் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் அவ்வில்லத்திலேயே உடன் இருந்தனர். 'பெண்கள் இல்லம்' என்று நாம் பெயரிட்டு அழைப்பது உண்மையில் குழந்தைகள் இல்லமும் ஆகும் என்பது இதனால் விளங்கும். ஆயினும் திட்டம் தீட்டுவோர் குழந்தையை 'உடன் வருவோர்' என்றே எழுதுகின்றனர். பெட்டி படுக்கையைக் குறிப்பது போல.

அடைக்கலம் என்பது தமிழுக்குப் புதிய கருத்தன்று. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அடைக்கலக் காதை என்று பெயர். அங்குக் கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குல மடந்தையாகிய மாதரியிடம் ஒப்படைக்கிறார். ஒரு பெண்ணுக்கு மற்றொரு பெண்ணின் மனை புகலாகிறது. ஆனால் கண்ணகி கணவனோடு புகலடைந்தவள். கணவனிடமிருந்தே தப்புவதற்குப் புகல் வேண்டும் என்பதைச் சமூகம் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. 1971 இல் இலண்டன் மாநகரின் சிசிக் பகுதியில் தொடங்கிய இல்லம் இவ்வகைப் புகலில்லங்களுக்கு முன்னோடி. நம் நாட்டில் 1969 இலேயே குறுகிய காலத் தங்கும் இல்லங்கள் அமைந்தன எனினும், அவை பலவகைத் துன்பத்திற்கு ஆளான பெண்களுக்கும் பொதுவானவை. 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், மத வேறுபாடின்றி எல்லாப் பெண்களுக்கும் உரியது. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பாதுகாப்பு அலுவலரோ வேண்டினால் தங்குமிடம் தருவது இல்லப் பொறுப்பாளரின் கடமை என்று அதன் ஆறாம் பிரிவு விதித்தது.

இனி, உடன் வரும் ஆண் குழந்தையைப் பற்றி. இதுவே பலரும் அறியாத செய்தி. நடுவணரசின் ஸ்வாதார் இல்லத் திட்டத்தில் மகள் பதினெட்டு வயது வரை தாயுடன் தங்கலாம்; மகன் எட்டு வயது வரை மட்டுமே தங்கலாம். அதற்கு மேற்பட்டவன் சிறுவர் இல்லத்திற்கு அனுப்பப்படவேண்டும் என்பது விதி. 2022 இல் அத்திட்டம் 'சக்தி சதன்' என மாற்றியமைக்கப்பட்டபோது மகனின் வயது வரம்பு பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. வரவேற்கத்தக்க மாற்றம்தான். எனினும் பதின்மூன்று வயது மகனையும் ஆறு வயது மகளையும் உடைய தாய் என்ன செய்வாள்? மகனைத் தந்தையிடம் விட்டு வந்தால் அடுத்த அடி அவன்மேல் விழும் என்று அஞ்சுகிறாள். விட்டு வந்ததையே காரணமாக்கிப் பிள்ளையைத் தரமறுப்பார்களோ என்ற கலக்கமும் உண்டு. ஹனஃபி சட்ட மரபில் மகனை வளர்க்கும் தாயின் உரிமை ஏழு வயதோடு முடிவதாகக் கொள்ளப்படுவதால், முஸ்லிம் தாய்க்கு இக்கலக்கம் மிகுதி. குழந்தையின் நலனே நீதிமன்றத்தின் முதல் அளவுகோல் என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்வார் வேண்டும். இல்லையேல் அவள் புறப்படுவதில்லை. புறப்படாத தாய் எந்தப் புகலில்லப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை. வளர்ந்த மகனை உடைய தாயர் அங்கே குறைவாகக் காணப்பட்டால், அவர்களுக்குத் துன்பம் குறைவு என்று பொருளாகாது. வாயில் குறுகியது என்றே பொருள்.

மேற்சொன்ன 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் விருப்பம் பெண் வெளியேற வேண்டும் என்பதன்று. வாழ்ந்த வீட்டிலேயே வசிக்கும் உரிமையை அதன் பதினேழாம் பிரிவு அவளுக்கு அளிக்கிறது. துன்புறுத்தும் ஆடவனை அவ்வீட்டினின்று அகலுமாறு ஆணையிடப் பத்தொன்பதாம் பிரிவு இடம் தருகிறது. இவ்வாணை விரைந்து கிடைக்குமாயின் குழந்தை பள்ளி மாற வேண்டியதில்லை. ஆயினும் நடைமுறையில் குற்றம் செய்தவன் வீட்டில் இருக்க, குற்றமற்ற குழந்தை புத்தகப் பையோடு ஊர் மாறுகிறது.

ஊர் மாறிய குழந்தைக்குப் பள்ளி கிடைப்பதும் எளிதன்று. புதிய பள்ளி மாற்றுச் சான்றிதழ் கேட்கும். பழைய பள்ளியில் அதனைக் கேட்டால் தாயின் இருப்பிடம் தந்தைக்குத் தெரிந்துவிடக்கூடும். 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதில் துணை செய்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிவைக்கவோ கூடாது என்கிறது அதன் ஐந்தாம் பிரிவு. பள்ளி ஆசிரியர்களாகப் போகும் நம் மாணவ மாணவியர் இப்பிரிவை நினைவிற் கொள்ளுதல் நன்று. ஆனால் இச்சட்டம் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பெண் குழந்தையோடு புகலில்லத்திற்கு வந்த தாய், தலைமையாசிரியர் ஒருவரின் மனமிரக்கத்தை நம்பியே அவர் அறை வாயிலில் நிற்க வேண்டியுள்ளது.