பசித்த குடலுக்கு முதற் கஞ்சி

கடந்த தவக்காலத்தில், இராஜபாளையத்துப் பெரியவர் ஒருவரை மதுரை மருத்துவமனையொன்றிலிருந்து வீட்டுக்கு அழைத்து வரும் பொறுப்பு நமக்கு வாய்த்தது. நூற்பாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர், அறுபதைக் கடந்தவர். அவருடைய இசைவோடுதான் இதனை எழுதுகிறோம்.

மலத்தில் இரத்தம் கண்டதால், பெருங்குடலை உள்நோக்கும் 'கொலோனோஸ்கோப்பி' சோதனைக்கு அவர் சென்றிருந்தார். முன்னாள் இளநீரும் வடிகட்டிய நீர்மங்களுமே ஆகாரம். பின்னர் பேதி மருந்து. சோதனையில் 'பாலிப்' எனப்படும் சிறு சதைத் தடிப்பொன்று தென்பட, அதனை அப்போதே அகற்றித் திசுச் சோதனைக்கு அனுப்பினர். இத்தடிப்புகளுள் சில, ஆண்டுகள் செல்லச் செல்லப் புற்றாக மாறக்கூடியவை. 1969-ஆம் ஆண்டில் நியூயார்க் மருத்துவர்களான உல்ஃப், ஷின்யா இருவரும் வயிற்றைக் கீறாமலே இவற்றை அகற்றிக் காட்டினர். அதன் பயனைத்தான் நம் பெரியவரும் பெற்றார்.

வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரை அடைந்ததும் மகன் காரை நிறுத்தச் சொன்னார். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் ஊர் அல்லவா! "இரண்டு நாளாய்ப் பட்டினி கிடந்த அப்பாவுக்கு" என்று அரைக்கிலோப் பெட்டியுடன் திரும்பி வந்தார். தந்தையோ, "எனக்கு ஒன்றும் வேண்டாம், சாமி. வயிறு எப்படியும் காலிதான். முடிவு தெரியும்வரை இப்படியே உபவாசம் இருந்துவிடுகிறேன்" என்றார். அக்குரலில் தவத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது.

இருவரையும் தடுக்க வேண்டியதாயிற்று.

பால்கோவா குற்றமற்றதுதான். ஆனால் சுண்டக் காய்ச்சிய பாலும் சர்க்கரையும் வெறுங்குடலுக்கு முதல் உணவாகா. சோதனையின்போது குடலை விரிக்கக் காற்றோ கரியமில வாயுவோ செலுத்துவர். அதனால் வயிறு உப்பியிருக்கும். வாயு பிரிவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. சற்று நடந்தால் எளிதாகும். மயக்க மருந்து முற்றும் தெளிந்தபின், முதலில் வெந்நீர் சில மிடறு. அது தங்கினால் நொய்க்கஞ்சி, இட்லி, இரசஞ்சாதம். பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்ய உப்பிட்ட மோர் நல்லது. மொச்சைச் சுண்டலும், விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவும் (நமக்கும் பிரியமானதே) பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் மறுநாளே வழக்கமான உணவுக்குத் திரும்பிவிடுவர். தடிப்பை அகற்றியவர்கள் மருத்துவர் சொற்படி நடக்க வேண்டும். ஒருநாள் முழுவதும் மதுவும் வண்டி ஓட்டுவதும் கூடா. நீரிழிவு மருந்தையும், இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரையையும் எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை மருத்துவரிடமே கேட்க வேண்டும். கடும் வயிற்றுவலி, காய்ச்சல், ஓயாத வாந்தி, மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவற்றுள் எது கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தடிப்பை அகற்றிய இடத்தில் இரண்டு வாரம் கழித்தும் இரத்தம் கசிவதுண்டு.

தந்தையின் விரதமே நமக்குக் கடினமாயிருந்தது. திருச்சபையின் நோன்புச் சட்டம் 60-ஆம் வயது தொடங்கியோரைக் கட்டுப்படுத்தாது, நோயாளருக்கும் விலக்குண்டு என்றோம். அவர் அசையவில்லை. எனவே யாயிரின் மகளை நினைவூட்டினோம். இறந்த சிறுமி எழுந்து நடந்ததைக் கண்டு எல்லாரும் மலைத்து நின்றபோது, அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி சொன்னவர் ஆண்டவரே. சாக விரும்பிச் சூரைச்செடியடியில் படுத்த எலியாவோடும் வானதூதர் வாதாடவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், உறங்கவிட்டு மறுபடியும் கொடுத்தார்.

பெரியவர் மறுமொழி கூறவில்லை. எஞ்சிய 12 கிலோமீட்டரும் மௌனமாகவே கழிந்தன. வீட்டில் மருமகள் கஞ்சியோடு காத்திருந்தார். அரைத் தம்ளர் அருந்தினார். அரைமணி நேரங்கழித்துத் தாமாகவே இன்னும் கேட்டார். பால்கோவா மறுநாள் பேரப்பிள்ளைகளுக்குப் போயிற்று. அவருக்கும் ஒரு கரண்டி கிடைத்தது.

பத்தாம் நாள் முடிவு வந்தது. உறையைப் பிரிக்குமுன் நான்கு இட்லி உண்டு முடித்ததாகச் சொன்னார். புற்று இல்லை, மருத்துவர் குறித்த காலத்தில் மறுசோதனைக்குச் செல்ல வேண்டும்.