பிசிறில்லாத மரை

நல்ல மரைக்கு அடையாளம் எளிது. நட்டை விரலால் சுண்டிவிட்டால் கடைசிவரை தடையில்லாமல் ஓட வேண்டும், ஆடவும் கூடாது. கடையில் விற்கும் போல்ட்டுகளின் மரை பெரும்பாலும் வெட்டப்படுவதில்லை, அச்சுகளுக்கிடையே அழுத்தி உருட்டப்படுகிறது. ஆனால் பழைய எந்திரத்தின் தேய்ந்த தண்டுக்கு மாற்று வேண்டுமென்றால் லேத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும்.

சக்கில் பிடித்த கம்பி சுழல்கிறது. டூல் பக்கவாட்டில் நகர்கிறது. கம்பி ஒரு சுற்று முடிப்பதற்குள் டூல் கடக்கும் தூரமே பிட்ச். இந்தக் கணக்கைக் கையால் காப்பாற்ற முடியாது. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே 1800 வாக்கில் செய்த லேத்தில், நீண்ட திருகுத் தண்டு ஒன்று டூலை இழுத்துச் சென்றது. அந்தத் தண்டையும் சுழலும் கம்பியையும் பல்சக்கரங்கள் இணைத்தன. சக்கரத்தை மாற்றினால் பிட்ச் மாறும். இன்றைய லேத்தின் லீட் ஸ்க்ரூவும் அதே வேலையைத்தான் செய்கிறது. மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841-இல் மரைகளுக்குப் பொது அளவுகளை முன்வைத்தார். மரையின் இரு சுவர்களுக்கிடையே அவர் வகுத்த கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரைக்கு 60.

ஆக, பிட்ச்சை எந்திரம் பார்த்துக்கொள்ளும். மரை சுத்தமாக வருவதும் பிய்ந்து வருவதும் வெட்டுபவர் கையில். வெட்டிய சீவல் வெளியேற வழி இருக்கிறதா என்பதில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

எம்16 மரையை எடுத்துக்கொள்வோம். விட்டம் 16 மி.மீ., பிட்ச் 2 மி.மீ. கம்பியை 15.9-க்குக் கடைந்து, முனையைச் சரித்து, மரை முடியும் இடத்தில் ஒரு பள்ளம் போட்டுவிட வேண்டும். டூலின் முனை 60 டிகிரி; உயரம் கம்பியின் மையத்தோடு சரியாக இருக்க வேண்டும். டூலின் நேர்மையைச் சரிபார்க்கும் சென்டர் கேஜைக் கம்பியோடு ஒட்டிவைத்து, அதன் வெட்டுக்குள் டூலை நுழைத்து, அடியில் வெள்ளைத்தாள் ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் வெளிச்சக் கீற்று தெரிந்தால் டூல் சாய்ந்திருக்கிறது. மரையும் சாய்ந்தே வரும்.

டூலை நேராக உள்ளே செலுத்தினால் அதன் இரு விளிம்புகளும் ஒரே நேரத்தில் வெட்டும். இருபுறச் சீவலும் நடுவில் மோதி, நெரிந்து, பள்ளத்தின் சுவரைப் பிய்க்கும். இதைத் தவிர்க்கத்தான் டூலைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடை, டூல் நேராக உள்ளே போகும் திசையிலிருந்து 29.5 டிகிரி திருப்பி வைக்கிறார்கள். அதன் வழியே டூலைச் செலுத்தும்போது முன்விளிம்பு மட்டும் வெட்டும். சீவல் ஒரே சுருளாக வெளியேறும். முழுதாக 30 வைக்காமல் அரை டிகிரி குறைத்திருப்பதால் பின்விளிம்பு மற்றச் சுவரை லேசாகச் சீவிக்கொண்டே வரும். அங்கே படிக்கட்டு விழாது.

முதல் ஓட்டம் வெறும் கீறல். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் பத்து இடைவெளிக்கு 20 மி.மீ. வர வேண்டும். வராவிட்டால் கியரைத் திருத்த இதுவே நேரம். மரையின் ஆழம் பிட்ச்சைப் போல 0.613 மடங்கு, அதாவது சுமார் 1.23 மி.மீ.; சாய்ந்த ஸ்லைடில் அது 1.41 ஆகும். முதல் வெட்டுக்கு 0.25 கொடுக்கலாம். பள்ளம் ஆழமாக ஆக டூல் கடிக்கும் அகலமும் கூடும் என்பதால் அளவைப் படிப்படியாகக் குறைத்து 0.05-க்கு வர வேண்டும். மைல்ட் ஸ்டீல் (எம்.எஸ்.) கம்பி பிய்யும் குணமுள்ளது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கட்டிங் ஆயில் தடவுங்கள். பித்தளைக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. கடைசியில் அளவைக் கூட்டாமலே ஓரிரு ஓட்டம் விட்டால், அழுத்தத்தில் விலகி நின்ற உலோகமும் வெட்டுப்பட்டுச் சுவர் மின்னும்.

வேகம் கூடாது. நிமிடத்துக்கு 60 சுற்று என்றாலே டூல் நொடிக்கு 2 மி.மீ. ஓடும், மரை முடிவில் போட்ட பள்ளம் 4 மி.மீ. என்றால் அதற்குள் டூலைப் பின்னிழுக்க இரண்டு நொடிகூடக் கிடைக்காது. திரும்பக் கொண்டுவரும்போது இன்னொரு கவனம் வேண்டும். லீட் ஸ்க்ரூவின் பிட்ச் 6 மி.மீ. என்றால், 2 அதை மீதியில்லாமல் வகுக்கும். லீட் ஸ்க்ரூவைப் பற்றி டூலை நகர்த்தும் ஹாஃப் நட்டை எப்போது மூடினாலும் டூல் பழைய பள்ளத்திலேயே விழும். 2.5 அப்படி வகுக்காது. அதற்கு ஹாஃப் நட்டைத் திறக்காமல், டூலை விலக்கி, லேத்தைப் பின்னோக்கி ஓட்டித்தான் தொடக்கத்துக்கு வர வேண்டும்.

நட்டு இறுகினால் உடனே ஆழத்தைக் கூட்டாதீர்கள். லேத்தை நிறுத்தி, பிரஷ்ஷால் சீவலைத் துடைத்து, மரை உச்சியில் பிசிறு இருந்தால் அரத்தால் லேசாகத் தட்டிவிட்டுப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே போதும்.

இது கைவந்தபின் சைக்கிளின் இடது பெடலில் இருப்பது போன்ற இடக்கை மரையை முயலலாம். லீட் ஸ்க்ரூ எதிர்த்திசையில் சுழலும். டூல் சக்கருகே உள்ள பள்ளத்தில் தொடங்கிச் சக்கைவிட்டு விலகி ஓடும். ஓட்டத்தின் முடிவில் சக்கில் மோதும் பயம் அதில் இல்லை.