கல்லறைகளின் மீது ஒரு கலாசாலை

அந்நிய நாடுகளுக்கு யாத்திரை செல்லும் மாணவர் கோஷ்டிகள் பெரும்பாலும் கோட்டைகளையும் மாளிகைகளையும் கண்டு களித்துத் திரும்புகின்றன. யூதர்களின் சரித்திரத்தை அறிய விரும்பி, கிரீஸ் தேசத்துத் தெஸ்ஸலோனிக்கி நகரத்திற்குச் செல்லும் மாணவர்களோ, தம்மைப் போன்ற மாணவர்கள் பயிலும் ஒரு கலாசாலையிலேயே தலை குனிந்து நிற்க நேரிடுகிறது.

1492-ல் ஸ்பெயினினின்றும் துரத்தப்பட்ட யூதர்களில் ஆயிரக்கணக்கானோருக்குத் துருக்கி சுல்தானின் ஆட்சியிலிருந்த இந்நகரம் புகலிடம் அளித்தது. தாங்கள் கொண்டுவந்த ஸ்பானிய பாஷையை அவர்கள் நானூறு ஆண்டுகளுக்கு மேல் வீட்டிலும் கடைவீதியிலும் பேசி வந்தனர். துறைமுகத் தொழிலாளரில் பலர் யூதர்களாதலால் சனிக்கிழமைதோறும் துறைமுகமே ஓய்வு கொண்டது.

ஜெர்மானிய ஆதிக்கத்தின்போது, 1942 டிசம்பரில், மூன்று லட்சம் சமாதிகளுக்கு மேல் கொண்டிருந்த அவர்களுடைய இடுகாடு நிர்மூலமாக்கப்பட்டது. சமாதிக் கற்கள் கட்டிட வேலைக்குப் போயின. 1943-ல் ஏறக்குறைய 46,000 பேர் ரயிலேற்றப்பட்டு ஆஷ்விட்ஸ் கொலைக்களத்திற்கு அனுப்பப்பட்டனர். மீண்டவர் மிகச் சிலரே.

அந்த இடுகாட்டின் மீது இன்று அரிஸ்டாட்டில் சர்வகலாசாலை பரந்து நிற்கிறது. அங்கே ஞாபகச் சின்னம் எழுப்பப்பட்டது 2014-ல்தான். எழுபதாண்டு மௌனத்திற்கு யார் பொறுப்பு? அந்நியன் அனுமதித்தான் என்பது உண்மை. ஆயின் அந்நிலத்தை நெடுநாளாக விரும்பியிருந்தது உள்ளூர் நகரசபையன்றோ? அயலான் செய்த கொடுமையைக் கண்டிப்பது எளிது. அதனால் நாம் அடைந்த லாபத்தை ஒப்புக்கொள்வதே அரிது. இவ்வரிய பாடத்தைக் கற்றுத் திரும்பும் மாணவனே உண்மையில் யாத்திரை செய்தவன்.