அம்மா தந்த சிறுநீரகம் அந்நியமாவது ஏன்?

கருவில் வளரும் குழந்தையின் மரபணுவில் பாதி தாயுடையது, பாதி தந்தையுடையது. தாயின் நோய் எதிர்ப்பாற்றலுக்கு அந்தத் தந்தைவழிப் பாதி முற்றிலும் அந்நியம். ஆனாலும் பத்து மாதம் அது குழந்தையைத் தாக்குவதில்லை. எப்படி?

முதல் காவல் நஞ்சுக்கொடி. 'நான் வேற்றாள்' என்று காட்டிக்கொடுக்கும் வழக்கமான அடையாளப் புரதங்களை அதன் வெளிப்புற உயிரணுக்கள் பெரும்பாலும் மறைத்துக்கொள்கின்றன. இரண்டாவது காவல், தாயின் இரத்தத்திலுள்ள ஒருவகை வெள்ளை அணுக்கள். தாக்க எழும் மற்ற அணுக்களை அடக்கி வைப்பதே இவற்றின் வேலை. இந்த அணுக்களைப் பற்றிய கண்டுபிடிப்புக்காகத்தான் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவின் மேரி பிரன்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பிரசவத்தோடு இந்த உறவு அறுந்துவிடுவதில்லை. குழந்தையின் சில உயிரணுக்கள் தாயின் உடலிலேயே தங்கிவிடுகின்றன. மகனைப் பெற்று 27 ஆண்டுகளான ஒரு தாயின் இரத்தத்திலும் ஒய் குரோமோசோம் கொண்ட அணுக்கள் இருந்ததை டயானா பியாங்கியின் குழு 1996-இல் வெளியிட்டது. தாயின் அணுக்களும் இப்படிப் பிள்ளையிடம் தங்குவதுண்டு.

இதைச் சொன்னபோது பூச்சோங் நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். அவருக்குப் பொருத்தியிருப்பது அவருடைய அம்மாவின் சிறுநீரகம்.

"அம்மாவோட அணு ஏற்கெனவே என் உடம்புல இருக்குன்னா, அவங்க சிறுநீரகத்துக்கு மட்டும் ஏன் தினமும் மாத்திரை? நல்லாத்தானே இருக்கேன், நிறுத்திடலாமா?"

நியாயமான கேள்விதான். கருவிலிருக்கும் உடல், 'எது என்னுடையது' என்று பாடம் படிக்கும் பருவத்தில் இருக்கிறது. பிறக்குமுன் வேறோர் எலியின் அணுக்களைச் செலுத்தினால், அதே வகை எலியின் தோலை வளர்ந்த பிறகும் அந்த உடல் ஏற்கும் என்று பீட்டர் மெடவாரின் குழு 1953-இல் காட்டியது. ஆனால், நண்பருக்குச் சிறுநீரகம் வந்தது பாடமெல்லாம் முடிந்த பிறகு. அதுவும் முழு உறுப்பாக. அம்மாவின் அடையாளத்திலும் பாதிதான் மகனிடம் இருக்கிறது. கருவில் தங்கிய சில அணுக்களின் பழக்கம் இதற்குப் போதாது.

உடல் மறுத்தால் என்னவாகும் என்பதை 2007 அக்டோபரில் நாடே பார்த்தது. கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்தில் 14 வயது ஹுய் யீக்குப் பொருத்திய இருதயத்தை அவருடைய உடல் ஏற்கவில்லை. மறுநாளே கிடைத்த இன்னொருவரின் இருதயம்தான் அவரைக் காப்பாற்றியது.

அந்த மறுப்பு உடனே தெரிந்தது. மாத்திரையை விடுவதால் வரும் மறுப்போ பெரும்பாலும் ஓசையில்லாமல் வரும். வலிக்காது. இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறிய பிறகே தெரியவரும். 'நல்லாத்தானே இருக்கேன்' என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். பக்கவிளைவு தொல்லை தந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ அவர் மாற்றித் தருவார். உங்கள் வீட்டில் மாற்று உறுப்புடன் யாராவது இருந்தால், சாப்பிட்டாயா என்று கேட்கும்போதே மாத்திரை போட்டாயா என்றும் கேளுங்கள்.